வாசகரை அறிந்து நூலைச் சொல்லுதல்

ஒரு கிளை நூலகத்தில் நடத்தத்தக்க வாசிப்பு நிகழ்ச்சிகளைப் பற்றியும், அங்கு வருகிறவர்களுக்கு இன்ன நூலைப் படியுங்கள் என்று எடுத்துச் சொல்லும் முறையைப் பற்றியும் இந்த அத்தியாயத்தில் கூற உத்தேசம். அலமாரிகள் ஒழுங்காக நின்று, பதிவேடுகள் பிழையின்றி எழுதப்பட்டு, வகைப்பாட்டு எண்கள் முறையாக ஒட்டப்பட்ட பின்னரும், நூல்கள் இருந்த இடத்தை விட்டு அசையாத நூலகங்கள் எத்தனையோ உண்டு. அவற்றின் நிலையை ஆராய்ந்தால், நூல்களை அறிந்த ஒருவர் அங்கே இருக்கிறார், வாசகரை அறிந்தவர்தாம் இல்லை என்பது பெரும்பாலும் புலப்படும்.

சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் போதித்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்ற சீ. இரா. அரங்கநாதன், பயிற்சியின் பொருட்டு இங்கிலாந்து சென்றிருந்தபோது, லண்டனை அடுத்த குராய்டனில் ஒரு பொது நூலகம் சிறு பிள்ளைகளுக்கும் தொழிலாளருக்கும் இல்லப் பெண்களுக்கும் ஒருசேரப் பணிபுரிவதைக் கண்டு, நூலகம் என்பது கற்றறிந்தோர் சிலருக்கு மட்டும் உரிய ஸ்தாபனம் அன்று என்னும் திடமான அபிப்பிராயத்துடன் திரும்பினார். அவர் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளை நூலகத் துறையில் இருப்போர் அனைவரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவற்றுள் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்கவேண்டும் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்கவேண்டும் என்பது. இரண்டாவது விதியை, கேட்டதை எடுத்துக் கொடுப்பதன் மூலம் ஒருவாறு நிறைவேற்றிவிடலாம். மூன்றாவது விதியோ, கேட்கப்படாத நூலுக்காக நூலகர் தாமே எழுந்து ஆள் தேடவேண்டும் என்று கட்டளையிடுகிறது. இந்த அத்தியாயம் முழுதும் அந்த மூன்றாவது விதியைப் பற்றியதே.

ஆனையூரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். மதுரையின் வடபுறத்தில், கூடல்நகர் ரயில் நிலையத்துக்கு அருகே, வயலும் கண்மாயும் இருந்த இடங்களில் வீட்டு மனைகள் பெருகி, தனி நகராட்சியாக இருந்து, 2011-இல் மாநகராட்சியின் எல்லை விரிந்து நூறு வார்டுகள் ஆனபோது அதில் சேர்ந்துவிட்ட பகுதி அது. நெடுங்காலமாக ஊரில் இருப்பவர்களும், உத்தியோகத்தை முன்னிட்டு வந்து குடியேறியவர்களும், ஓய்வு பெற்றபின் வீடு கட்டிக்கொண்டவர்களும் அங்கே கலந்து வாழ்கிறார்கள். இத்தகைய புறநகரில் உள்ள நூலகத்துக்குக் காலையில் வருகிற முகங்கள் வேறு, மாலையில் வருகிற முகங்கள் வேறு. காலையில் பத்திரிகைக்காகப் பெரியவர்கள் வருவார்கள். பகல் முழுதும் தேர்வாணையத்தின் பரீட்சைகளுக்குப் படிக்கும் இளைஞர்களும் பெண்களும் தம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பியிருப்பார்கள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வருவார்கள். வராதவர்கள் யார் என்று பார்த்தால், வீட்டுவேலைக்கு நடுவே ஒரு மணி நேர ஓய்வு மட்டுமே வாய்க்கும் குடும்பத் தலைவியரும், வேலை முடிந்து இருட்டியபின் வீடு திரும்பும் தொழிலாளருமே பெரும்பாலோர். வராதவருக்கும் நூலகத்தில் பாத்தியதை உண்டு என்பதை நூலகர் ஒருநாளும் மறக்கலாகாது. 1948-ஆம் ஆண்டுச் சென்னைப் பொது நூலகச் சட்டத்தின் வழியாக வந்த ஏற்பாட்டின்படி, சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாகச் சேர்த்து வசூலிக்கப்படுகிறது. ஆகவே, ஒருமுறைகூட நூலகப் படியேறாத ஆனையூர் வீட்டுக்காரரும் அதன் செலவில் தமக்குரிய பங்கைச் செலுத்தியவரே ஆவார்.

இனி, நூலைச் சொல்லும் முறைக்கு வருவோம். "நல்ல புத்தகமாக ஒன்று கொடுங்கள்" என்று ஒருவர் கேட்டவுடன் விருது பெற்ற நாவல் ஒன்றை எடுத்து நீட்டுவது பெருந்தவறு. அவர் கடைசியாக முழுதும் படித்து முடித்தது எது என்று முதலில் கேட்கவேண்டும். அதைக் காட்டிலும் பிரயோஜனமான கேள்வி, பாதியில் நிறுத்தியது எது, எந்த இடத்தில் நிறுத்தினார் என்பது. எழுத்து சிறிதாக இருந்து கண் வலித்ததனால் நிறுத்தியவருக்கும், கதாபாத்திரங்கள் மிகுந்து குழம்பியதனால் நிறுத்தியவருக்கும், துக்கம் தாங்காமல் மூடிவைத்தவருக்கும் ஒரே மருந்து செல்லாது. எங்கே அமர்ந்து படிப்பார், ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்பதையும் பேச்சோடு பேச்சாக அறிந்துகொள்ள வேண்டும். இவற்றையெல்லாம் விசாரணை போல அடுக்கிக் கேட்டால் எவரும் பதில் சொல்லமாட்டார். திருப்பிக் கொடுத்த புத்தகத்தில் முத்திரை குத்திக்கொண்டே, "எப்படி இருந்தது?" என்று தொடங்கினால் போதும்.

பெரியவர் ஒருவர் வந்து, "தம்பி, எழுத்து கொஞ்சம் பெருசா இருக்கிற மாதிரி ஏதாச்சும் இருந்தா குடுங்க" என்று கேட்கக் கூடும். அவர் சுவையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணைப் பற்றியே சொல்லியிருக்கிறார். நல்லதங்காள் கதையையும் விக்கிரமாதித்தன் கதையையும் 'பெரிய எழுத்து' என்ற அடைமொழியோடு அச்சிட்டு விற்ற பழைய பிரசுரகர்த்தர்கள், விளக்கு வெளிச்சத்தில் தட்டுத்தடுமாறிப் படிக்கும் மனிதரை மனத்திற்கொண்டே அவ்வாறு செய்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மதுரை மாவட்டத்திலும் பரவிய அறிவொளி இயக்கத்தார், புதிதாக எழுத்தறிந்த முதியோருக்கென்று சின்னஞ்சிறு கதைப் புத்தகங்களைப் பெரிய எழுத்தில் வெளியிட்டார்கள். கிளை நூலகத்தில் பெரிய எழுத்தில் அமைந்த நூல்களையும், மெல்லிய நூல்களையும் தனித் தட்டில் வைத்து, அந்தத் தட்டு கண்ணுக்கு நேரான உயரத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்வது, செலவில்லாத ஏற்பாடாயினும் அதனால் விளையும் பலன் மிகப் பெரிது. முழங்கால் வலியுள்ளவரைக் கீழ்த்தட்டுக்குக் குனியவைக்கும் நூலகம் அவரை இழந்துவிடும்.

பரீட்சைக்குப் படிப்பவர்களைப் பற்றிப் பல நூலகர்கள் சலித்துக்கொள்வது உண்டு. அவர்கள் இடத்தை அடைத்துக்கொள்கிறார்களே தவிர நூலகத்து நூல்களைத் தொடுவதில்லை என்பது அந்த நூலகர்களின் குறை. நான் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நாள் முழுதும் ஒரு கூரையின்கீழ் அமர்ந்து படிக்கும் சிரத்தை உடையவர்கள் வேறெங்கே கிடைப்பார்கள்? அவர்களுக்கு வேண்டியது, பரீட்சைப் படிப்புக்கு இடையே கால்மணி நேரத்தில் படித்து முடிக்கத்தக்கதும், அந்தப் படிப்புக்கே ஒருவகையில் துணைநிற்பதுமான நூல். தொ. பரமசிவனின் 'அறியப்படாத தமிழகம்' இதற்கு மிகவும் ஏற்றது. உப்பைப் பற்றியும் உணவைப் பற்றியும் உடையைப் பற்றியும் சிறுசிறு கட்டுரைகளாக அமைந்திருப்பதால், எங்கே தொடங்கினாலும் எங்கே நிறுத்தினாலும் குறைவில்லை. அதை அலமாரியிலிருந்து எடுத்துப் படிக்கச் சொல்லவேண்டியதில்லை. அவர்கள் அமரும் மேஜையின் ஓரத்தில் திறந்த வாக்கில் வைத்துவிட்டாலே ஒரு வாரத்துக்குள் யாராவது ஒருவர் இரவல் கேட்டு வருவார்.

மதுரையைப் பற்றிய நூல்களைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில், தாம் நடந்த தெருவை ஒரு புத்தகத்தில் காண்கிற மகிழ்ச்சி, வாசிப்பில் புதிதாகப் பிரவேசிப்பவரை வேறெதைக் காட்டிலும் விரைவாக உள்ளே இழுக்கும். நா. பார்த்தசாரதியின் 'குறிஞ்சி மலர்' மதுரையையும் திருப்பரங்குன்றத்தையும் களமாகக் கொண்டது. தமிழறிஞரான தந்தையை இழந்து, தம்பி தங்கையரைக் காக்கும் பொறுப்பை ஏற்ற பூரணியின் கதை. அந்த நாவல் தொடராக வந்த நாளில், பிறந்த பிள்ளைகளுக்குப் பூரணி என்றும் அரவிந்தன் என்றும் பெயரிட்ட குடும்பங்கள் பல. பள்ளிப் படிப்போடு வாசிப்பை நிறுத்திவிட்டு, ஐம்பது வயதுக்குமேல் மீண்டும் தொடங்க விரும்பும் பெண்மணிகளுக்கு இதைத்தான் நான் முதலில் கொடுக்கச் சொல்வேன். அதன் இலட்சிய வேகம் இன்றைய இளைஞருக்குச் சற்று மிகையாகத் தோன்றக்கூடும் என்பதையும் மறைக்கவேண்டியதில்லை.

ப. சிங்காரம் மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் பணிபுரிந்துகொண்டு தனியராக வாழ்ந்தவர். இரண்டே நாவல்கள் எழுதினார். 'புயலிலே ஒரு தோணி' 1972-இல் நூலாக வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து மேடானிலும் பினாங்கிலும் கதை நடந்தாலும், கடல் கடந்து சென்ற பாண்டியனின் நினைவில் மதுரைத் தெருக்கள் ஓயாமல் வந்துபோகின்றன. தமிழில் எழுதப்பட்ட மிகச் சிறந்த நாவல்களுள் அது ஒன்று என்பதில் எனக்கு ஐயமில்லை; ஆயினும் அதை நேராகக் கையில் கொடுத்தால், முதல் முப்பது பக்கங்களில் திணறித் திருப்பிக் கொண்டுவருபவர்களே அதிகம். ஆதலால் அவருடைய முதல் நாவலான 'கடலுக்கு அப்பால்' என்பதை முன்னதாகக் கொடுத்து, அந்த உலகத்தில் பரிச்சயம் உண்டான பின் இதற்கு அழைத்துச் செல்லவேண்டும். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' ஆயிரம் பக்கங்களைத் தாண்டியது. 2011-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. இதைத் தொடக்கத்திலிருந்து படிக்கச் சொல்வதைவிட, பிளாக்பர்ன் கலெக்டராக இருந்த காலத்தில் மதுரைக் கோட்டை மதில் இடிபட்ட வரலாற்றைக் கூறி, அந்தப் பணியில் ஈடுபட்டவர்களின் பெயரால்தான் பெருமாள் மேஸ்திரி வீதியும் மாரட் வீதியும் இன்றும் வழங்குகின்றன என்று சொல்லி, அப்பகுதியை முதலில் படித்துக் காட்டினால், தினந்தோறும் அவ்வழியே பஸ்ஸில் போய் வருகிறவர் புத்தகத்தின் கனத்தைப் பொருட்படுத்தமாட்டார்.

ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' போன்ற நூலை யாருக்குச் சொல்வது என்பது நூலகரின் விவேகத்தைப் பொறுத்தது. அதை மறைத்து வைப்பதும் தவறு. வாழ்க்கையின் அடித்தளத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கும் மனப்பக்குவம் வந்தவரை அறிந்து, இதில் இன்ன விஷயம் இருக்கிறது என்று முன்கூட்டிச் சொல்லிக் கொடுப்பதே மரியாதை.

பிள்ளைகளுக்கான நிகழ்ச்சிகளில் அடிப்படையானது, ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்பது. வெள்ளிக்கிழமை கிளை நூலகங்களுக்கு விடுமுறை. ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையே இதற்குத் தகுந்தது. கோடை விடுமுறையில் வாரம் மூன்று நாள் வைக்கலாம். ஆனால் சித்திரைத் திருவிழாவின்போது, எதிர்சேவையும் அழகர் ஆற்றில் இறங்குவதும் நடக்கும் நாட்களில் நிகழ்ச்சி வைத்தால் நூலகரைத் தவிர வேறு யாரும் இருக்கமாட்டார்கள். அதற்கு முந்தைய வாரத்தில், அழகர் ஏன் மதுரைக்கு வருகிறார் என்று மக்கள் வழங்கும் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டு, அவர்களுடன் வந்த பெற்றோருக்கு, மதுரை காமராசர் பல்கலைக்கழகம் வெளியிட்ட தொ. பரமசிவனின் 'அழகர் கோயில்' என்னும் ஆராய்ச்சி நூலை எடுத்துக் காட்டுவது பொருத்தமாக இருக்கும். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளாகப் பிரித்து வெளியிட்டிருக்கும் சிறு நூல்கள், எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கும் சரளமாகப் படிக்கும் பிள்ளைக்கும் தனித்தனியே வழிவகுக்கின்றன. வயதைப் பார்த்துக் கொடுக்காமல், ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டபின் கொடுக்கவேண்டும்.

அதிகப் புத்தகம் படித்தவருக்குப் பரிசு என்னும் போட்டியை நான் ஆதரிப்பதில்லை. அது மெல்லிய புத்தகங்களைத் தேடி எடுக்கும் சாமர்த்தியத்தையே வளர்க்கிறது. மேலும், பரிசு பெறாத பிள்ளையின் மனம் என்னவாகிறது என்பதைக் கு. அழகிரிசாமி 'அன்பளிப்பு' என்ற சிறுகதையில் எழுதிவைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் புத்தகங்களுக்காகத் தம்மைச் சூழும் அண்டைவீட்டுப் பிள்ளைகளுள் இருவருக்குக் கதைசொல்லி டைரி கொடுக்கிறார்; ஒரு சிறுவன் மட்டும் எப்படியோ விட்டுப்போகிறான். அவன் பின்னொரு நாள் அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போய், தானாகவே சம்பாதித்த ஒரு டைரியை எடுத்து நீட்டி, அவர் தனக்கு அன்பளிப்பாகக் கொடுத்ததாக அதில் எழுதித்தரும்படி கேட்கிறான். குழந்தைகளிடையே புத்தகம் வழங்கும் பொறுப்பை ஏற்கும் எவரும் இந்தக் கதையை முதலில் தாம் படிக்கவேண்டும். நிகழ்ச்சிக்கு வந்த ஒவ்வொரு பிள்ளையின் பெயரையும் ஒரு நோட்டில் எழுதி, அந்தப் பெயருக்கு எதிரே அவன் அல்லது அவள் எடுத்துச் சென்ற நூலையும், திருப்பித் தரும்போது சொன்ன ஒரு வார்த்தையையும் குறித்து வந்தால், எந்தப் பிள்ளை விட்டுப்போகிறது என்பது நமக்கே தெரிந்துவிடும்.

வயது வந்தோருக்கு வாசகர் வட்டம் உண்டு. அந்தப் பெயரில் அறுபதுகளில் லட்சுமி கிருஷ்ணமூர்த்தி தொடங்கி நடத்திய பதிப்பகம் 'நடந்தாய் வாழி காவேரி' போன்ற அரிய நூல்களை வெளியிட்டதைப் பழைய வாசகர் அறிவர். இன்று அரசு நூலகங்கள்தோறும் அப்பெயரால் அமைந்திருப்பது, நூலகத்துக்குத் துணைநிற்கும் உள்ளூர் அன்பர்களின் குழு. பல இடங்களில் அதன் கூட்டம் என்றால் மேடை, பொன்னாடை, மூன்று வாழ்த்துரை, ஒரு சிறப்புரை என்று முடிந்துவிடுகிறது. சிறப்புரையைக் கேட்டவர் யாரும் மறுநாள் வந்து அந்த நூலைக் கேட்பதில்லை. இதற்கு மாறாக, பத்துப் பதினைந்து பேர் வட்டமாக அமர்ந்து, ஒரே ஒரு சிறுகதையை எல்லோரும் அங்கேயே படித்து, அதைப் பற்றி மட்டும் சம்பாஷிப்பது சாலச் சிறந்தது. முன்பே படித்துவிட்டு வாருங்கள் என்றால் படிக்காதவர் கூச்சப்பட்டு வராமலே இருந்துவிடுவார். நாட்டுடைமையாக்கப்பட்ட ஆசிரியர்களின் படைப்புகளை யாரும் தடையின்றிப் பிரதி எடுக்கலாமாதலால், பாரதி, புதுமைப்பித்தன், கல்கி ஆகியோரிடமிருந்து தொடங்குவது எளிது. தை மாதத்தில், அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் வாடி திறக்கும் நாட்களையொட்டி, சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' என்னும் குறுநாவலை இரண்டு அமர்வுகளில் படித்துவிடலாம். மாடு பிடித்த அனுபவமுள்ள ஒருவர் அந்த வட்டத்தில் இருந்துவிட்டால், இலக்கியம் கற்றவர்கள் அன்று அவரிடம் பாடம் கேட்பார்கள். 782 அடிகள் கொண்ட மதுரைக் காஞ்சியில் பகற்கடைகளையும் இரவுக்கடைகளையும் வர்ணிக்கும் பகுதிகளை மட்டும் உரையோடு எடுத்துக்கொண்டால் ஒரு மாலைப் பொழுதுக்குப் போதுமானது. நவம்பர் 14 முதல் 20 வரை கொண்டாடப்படும் நூலக வார விழாவில் மேடை நிகழ்ச்சிகள் தவிர்க்க முடியாதவை. அவற்றோடும் ஒரு வாசிப்பு அமர்வையாவது சேர்த்துவிடவேண்டும்.

நூலகத்துக்கு வர இயலாதவர்களிடம் நூல் போகவேண்டும் என்பது நம்மவருக்குப் புதிய எண்ணம் அன்று. 1931-இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை நூல்களை மாட்டுவண்டியில் ஏற்றிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். ஆனையூரில் வண்டி வேண்டியதில்லை. தெருவுக்கு ஒரு வாசகர் வட்ட உறுப்பினர், தம் உறுப்பினர் அட்டையில் எடுத்த நூலை, படியை விட்டு இறங்க முடியாத அண்டைவீட்டு மூதாட்டிக்குக் கொடுத்து வாங்க முன்வந்தால் போதும்.

மூன்றாவது விதியைக் கைக்கொள்ள ஒரு பயிற்சியைக் கூறுகிறேன். வாரத்துக்கு ஒருநாள், கூட்டமில்லாத வேளையில், ஏதேனும் ஓர் அலமாரியின் முன் நின்று, புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் ஒட்டியிருக்கும் தேதிச் சீட்டைப் பார்க்கவேண்டும். சில சீட்டுகளில் முத்திரைகள் நெருக்கியடித்துக்கொண்டு, கட்டங்கள் போதாமல் மேலே இன்னொரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். சில சீட்டுகளில் பல ஆண்டுகளுக்கு முன் விழுந்த ஊதா முத்திரை ஒன்றே ஒன்று மங்கி நிற்கும். அதன்பின் அந்த நூலை யாரும் தீண்டவில்லை. இப்படிப்பட்டவற்றுள் ஐந்தை எடுத்து மேஜைமேல் வைத்து, பொருளடக்கத்தையும் நடுவில் சில பக்கங்களையும் படித்துவிட்டு, இதை நம்மிடம் வருகிறவர்களுள் யார் விரும்புவார் என்று பெயர் பெயராக யோசிக்கவேண்டும். பெ. தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1954 முதல் பத்துத் தொகுதிகளாக வெளிவந்த கலைக்களஞ்சியம், பழைய நூலகம் ஒன்றில் தூசி படிந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவருக்கு அதைக் காட்டியதும், அவர் அகர வரிசையில் தினம் சில பக்கமாகப் படிக்கத் தொடங்கி, பிள்ளைகளுக்கு அவற்றிலிருந்து வாரந்தோறும் ஒரு விஷயம் சொல்வதாகவும் ஏற்றுக்கொண்டார்.

நூல்களைப் பெரும்பாலும் பொது நூலக இயக்ககமே தெரிவு செய்து வாங்கி அனுப்புவதால், கேட்ட நூல் எல்லாம் கிளையில் இருக்காது. அப்போது இல்லை என்று சொல்லி அனுப்பிவிடாமல், சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகத்தில் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்லவேண்டும். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு, ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஆனையூர்ப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். இரண்டு லட்சம் சதுர அடிக்கு மேற்பட்ட அந்தக் கட்டடத்தைக் கண்டு பிரமித்துவிட்டுத் திரும்பிவிடாமல், ஒவ்வொருவரும் அங்கே தேடவேண்டிய ஒரு நூலின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போவது நலம். நான்காம் தமிழ்ச் சங்கத்தைப் பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவியபோது உடன் தோன்றிய பாண்டியன் புத்தகசாலையைப் பற்றி, பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைக்கலாம்.

இவ்வளவும் செய்து வருகையில், பிள்ளைகளுக்கென்று தொடங்கிய அந்த நோட்டு நாளடைவில் எல்லா வாசகரையும் உள்ளடக்கியதாக வளர்ந்துவிடும். யாருக்கு எது பிடித்தது, யார் எதைப் பாதியில் விட்டார், யாருக்கு எந்த நூலைத் தேடித் தருவதாக வாக்களித்திருக்கிறோம் என்பனவெல்லாம் அதில் இருக்கும். வாசகரின் சொந்த விருப்பங்கள் அடங்கியதாகையால் அதை மேஜைமேல் திறந்துவைக்கக் கூடாது. பூட்டிய இழுப்பறையில் இருக்கட்டும். நூலகருக்கு மாறுதல் உத்தரவு வந்துவிட்டால், இருப்புப் பதிவேட்டையும் சாவிக்கொத்தையும் ஒப்படைக்கும் அதே நாளில், புதிதாக வருகிறவருடன் ஒரு மணி நேரம் அமர்ந்து, அந்த நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, ஒவ்வொருவரைப் பற்றியும் வாய்மொழியாகவும் சொல்லி ஒப்படைத்துவிட்டுப் புறப்படவேண்டும்.